ஃபிட்டர் பொன்னுராஜ் தானே பார்த்த வேலை

பொன்னுராஜின் வலது கை முழங்கை வரை எஞ்சினுக்குள் இருந்தது. இடது கையில் டார்ச். ஆம்னி வேனுக்கு எஞ்சின் முன்பக்கம் மூடிக்குள் இருக்காது. டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைக் கழற்றி முற்றத்தில் வைத்துவிட்டு, கதவு வழியாகப் பாதி உடம்பை நுழைத்துக் குப்புறக் கவிழ்ந்துதான் வேலை பார்க்க வேண்டும். வண்டியின் விளிம்பு விலாவில் அழுந்தியது. ஏர் ஃபில்டரைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கு நட் ஒன்றை விரல் நுனியால் ஏற்றப் பார்த்தார். மரை பிடிப்பது போலிருந்தது, பிடிக்கவில்லை. நட் நழுவி உள்ளே எங்கெங்கோ பட்டுப் போய்ச் சத்தம் நின்றது. தரையில் விழுந்த சத்தம் மட்டும் கேட்கவில்லை.

"விழுந்துருச்சா?" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. 

"என்னது?"

"நட்டு. ஒரு வாரமா அந்தச் சத்தத்தத்தான கேட்டுட்டுக் கெடக்கேன்."

மனைவி பரிபூரணத்தின் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. முற்றத்தில் என்ன நடந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். வாதம் வந்து இடது கையும் காலும் போய்விட்டன, வாய் லேசாகக் கோணியது, பேச்சு போகவில்லை. சில நாட்களில் அது போகாததை நினைத்துப் பொன்னுராஜ் கர்த்தருக்கு நன்றி சொன்னார். சில நாட்களில் சொல்லவில்லை.

மில்லிலிருந்து ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த காந்தம் ஒன்றை அவர் வைத்திருந்தார். அதைக் கம்பி நுனியில் கட்டி உள்ளே விட்டுத் துழாவினார். காந்தம் நட்டைத் தவிர மற்ற எல்லா இரும்பையும் பிடித்தது. கடைசியில் எஞ்சினுக்கு அடியில் போட்டிருக்கும் தகரத்தின் ஓரத்தில் அது உட்கார்ந்திருப்பது டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. எடுப்பதற்குள் விரல் மூட்டு இரண்டு இடத்தில் உரிந்துவிட்டது. 

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் ஜாஸ்மினின் குழந்தைக்கு ஞானஸ்நானம். பரிபூரணம் நோயில் விழுந்தபின் வாசல்படி தாண்டி எங்கும் போனதில்லை. ஆஸ்பத்திரிக்குக்கூடப் போக மாட்டேன் என்று டாக்டரை வீட்டுக்கு வரவைத்தவள். "நாலு பேரு கூடி என்னயத் தூக்கி எறக்குறதத் தெருவே வேடிக்க பாக்கணுமா?" என்பாள். இந்த ஞானஸ்நானத்துக்கு வருகிறேன் என்று அவளாகவே சொன்னாள். அதற்கு ஒரு நிபந்தனை வைத்தாள். 

"நம்ம வண்டி. நீங்க ஓட்டணும். வேற யார் வண்டியிலயும் ஏற மாட்டேன்."

வண்டி ஓடவில்லையென்றால் அவள் வரமாட்டாள். இந்த முறை வராமல் போனால் அதன் பிறகு எதற்கும் வரமாட்டாள். பொன்னுராஜுக்கு அது நிச்சயமாகத் தெரியும். ஊர் உலகத்தோடு அவளுக்கு இருக்கிற கடைசி இழை இது. நூல் மில்லில் காலம் தள்ளியவர். அறுந்த இழையை எத்தனை நேரத்துக்குள் பிடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அவர் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தார். வேலைக்காரர். எந்த மெஷினைக் கொடுத்தாலும் காதை வைத்துக் கேட்டுவிட்டுக் கழற்றுவார். அதே கையோடு வீட்டுக்கும் வந்தார். மோட்டார், மிக்ஸி, தையல் மெஷின், தண்ணீர்த் தொட்டியின் மிதவை என்று எதுவும் அவரைத் தாண்டி வெளியே போனதில்லை. கடைக்காரரிடம் ஒரு பொருளைப் பழுதுபார்க்கக் கொடுப்பது அவருக்குத் தன் பிள்ளையை அடுத்த வீட்டில் சாப்பிட அனுப்புவது போல. பல வேலைகள் நன்றாக முடிந்தன. மிக்ஸி மட்டும் அதன் பிறகு ஒரே வேகத்தில்தான் ஓடியது. பரிபூரணம் அதற்கேற்பச் சட்னி அரைக்கப் பழகிக்கொண்டாள்.

மனைவி விழுந்தபோதும் அப்படியே செய்தார். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, பெட்பேன் வைப்பது எல்லாம் அவர்தான். ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஜாஸ்மின் கெஞ்சியும் கேட்கவில்லை. தனியாக ஒருவரே நோயாளியைப் பார்த்துக்கொண்டால் முதலில் கெட்டுப்போவது அந்த ஆளின் தூக்கம். அடுத்தது நோயாளியின் தோல். ஒரு வாரம் அசதியில் அவர் சரியாகப் புரட்டாமல் விட்டதில் பரிபூரணத்தின் இடுப்பெலும்புப் பக்கம் சிவந்து, கறுத்து, குழிவிழுந்த புண்ணாகிவிட்டது. அதன் பிறகுதான் கட்டுப்போட மட்டும் சுடலைமாடத்தியை வரச் சொன்னார். தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கிறவள். மாலையில் ஷிப்ட் முடிந்து போகும் வழியில் வந்து கட்டு மாற்றுவாள். புண்ணை முதல் தடவை பார்த்ததும், "அண்ணாச்சி, இது நோய் குடுத்த புண்ணு இல்ல. நீங்க குடுத்தது" என்றாள். அவர் மறுநாளிலிருந்து அலாரம் வைத்து எழுந்து புரட்டினார்.

ஆம்னியை அவளுக்காகவே மாற்றியிருந்தார். சாதாரண காரில் அவளை ஏற்ற முடியாது. இடது கால் முழுதாக மடங்காது, சீட்டும் பள்ளத்தில் இருக்கும். ஆம்னிக்குத் தள்ளு கதவு. நடு சீட்டைக் கழற்றிவிட்டு, அந்தச் சீட்டின் போல்ட் ஓட்டைகளிலேயே பொருந்துகிற மாதிரி இரும்புச் சட்டம் ஒன்று செய்து, அதன்மேல் கைப்பிடியுள்ள நாற்காலியை வைத்தார். நாற்காலி கதவுப் பக்கமாகத் திரும்பும். அதன் உயரமும் வீல் சேரின் உயரமும் ஒன்று. இடையில் வழவழப்பான பலகையைப் போட்டு, பவுடர் தூவி, இடுப்பைப் பிடித்து நகர்த்தினால் யாரும் தூக்காமலே அவள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். சுடலைமாடத்தி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எங்க ஆஸ்பத்திரியில இப்பிடி ஒண்ணு கிடையாது" என்றாள். அந்த வாரம் முழுவதும் பொன்னுராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தார்.

சட்டம் சரியாக வந்தது. ஆனால் வண்டி சூடேற ஆரம்பித்தது.

முதலில் லேசாகத்தான். சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட் போயிருக்கும் என்று அவரே புதிதாக வாங்கி மாற்றினார். அதன் பிறகு சூடு குறையாமல் கூடியது. ரேடியேட்டர் மூடியை மாற்றினார். ஹோஸ் இரண்டையும் மாற்றினார். கடைக்காரர் கொடுத்த ஒரு ஹோஸ் வேறு மாடலுக்கு உரியது. போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்துத் துரு வரும்வரை கழுவினார். ஃபேன் சுழல்கிறதா என்று முன்னால் உட்கார்ந்து கோழி முட்டைக்குக் காவல் இருப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் சுழன்றது. வண்டியும் கொதித்தது.

வெள்ளிக்கிழமை நட்டை ஏற்றி முடித்து, சீட்டை மாட்டி, ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் மில் மதில் முடிகிற இடம் வரை சூடு காட்டும் ஊசி பாதியில் நின்றது. அவருக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது. அடுத்த வளைவில் ஊசி ஏறத் தொடங்கியது, சிவப்பைத் தொட்டது. சீட்டுக்கு அடியிலிருந்து அனல் தொடையில் அடித்தது. வேறு வழியில்லாமல் ஒரு வேப்ப மரத்தடியில் ஒதுக்கினார். எதிரிலேயே முத்துக்குமரனின் ஒர்க் ஷாப்.

முத்துக்குமரன் கையைத் துடைத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டி வந்தான். நாற்பதைத் தாண்டியவன், தொப்பை போட்டிருந்தான்.

"என்ன அண்ணாச்சி, நெழலுக்கு ஒதுங்கியாச்சா?"

"செத்த நேரம் ஆறட்டும்னு நிப்பாட்டிருக்கேன்."

"வண்டியா, நீங்களா?"

பொன்னுராஜ் தண்ணீர்க் கேனை எடுத்தார்.

"இப்ப மூடியத் தொறக்காதிய! மூஞ்சில அடிச்சிரும்" என்று முத்துக்குமரன் கேனை வாங்கிக் கீழே வைத்தான். "விட்டுட்டுப் போங்க. என்னன்னு பாத்து வைக்கேன்."

"என் வண்டிய நான் பாத்துக்கிடுவேன்."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கிய. ஹோஸ் வாங்க, மூடி வாங்கன்னு நீங்க நடந்ததுல ஸ்பேர்ஸ் கடைக்குத் தடமே விழுந்துருச்சு."

பொன்னுராஜுக்கு அவன்மேல் பழைய மனக்குறை ஒன்று உண்டு. எப்போதோ அந்த ஒர்க் ஷாப்பைத் தாண்டிப் போகும்போது அவன் பேரிங் ஒன்றைச் சுத்தியலால் தட்டி ஏற்றுவதைப் பார்த்தார். பேரிங்கைச் சுத்தியலால் தொடுகிறவன் கையில் எதையும் கொடுக்கக்கூடாது என்று அன்றே முடிவு செய்துவிட்டார். வண்டி ஆறியதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தார்.

வந்ததும் ஜாஸ்மினின் போன்.

"அப்பா, வண்டி சரியாயிருச்சா?"

"ஆயிரும்."

"ஆகலன்னா இப்பமே சொல்லிருங்கப்பா. உங்க மாப்பிள்ளையோட கூட்டாளி கார் இருக்கு, அனுப்பச் சொல்லுதேன்."

"கார்ல உங்கம்மாவ மடிச்சா வைப்ப? போனை வை, எனக்கு வேலையிருக்கு."

"அம்மாகிட்டக் குடுங்க."

பரிபூரணம் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தபடியே பேசினாள். "ஆமாட்டி... ஆமா... இல்ல, சாப்ட்டாச்சு. உங்கப்பாவா? நல்லாருக்காரு. தலை உள்ள இருக்கு, காலு வெளிய இருக்கு. ஆளு முழுசா வெளிய வந்தா போன் பண்ணச் சொல்லுதேன்."

சனிக்கிழமை காலையிலிருந்து எஞ்சினைத் திரும்பவும் அக்கக்காகப் பார்த்தார். நடுநடுவே உள்ளே ஓடி அவளைப் புரட்டினார். ஒவ்வொரு முறையும் கையை முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவினார். கிரீஸ் கையோடு அவளைத் தொட்டால் சுடலைமாடத்தி கொன்றுவிடுவாள். கழுவித் துடைத்து, அவளைப் பார்த்துவிட்டு, மறுபடி கிரீஸில் கையை விட்டு, மறுபடி கழுவி... தோல் வெடித்து எரிந்தது. மத்தியானம் சோறு ஊட்டும்போது அந்தக் கையைப் பரிபூரணம் பார்த்தாள்.

"விட்டுத் தள்ளுங்க. நான் வரல. ஃபோட்டோ எடுத்து அனுப்புவாள்ல, பாத்துக்கிடுதேன்."

"வாரேன்னு சொன்ன."

"சொன்னேன். வண்டிகிட்டயும் கேட்டிருக்கணும்."

அவள் முகத்தில் ஏமாற்றம் தெரியவில்லை. ஒரு நிம்மதி வந்ததுபோல் இருந்தது. அதுதான் பொன்னுராஜை உலுக்கியது. போகாமலிருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டால் அதையே போர்த்திக்கொண்டு படுத்துவிடுவாள். சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு மறுபடி முற்றத்துக்குப் போனார். 

மாலையில் சுடலைமாடத்தி வந்தாள். செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, பையைத் திறந்து, எல்லாவற்றையும் ஒரே வீச்சில் செய்தாள்.

"அண்ணாச்சி, பிடிங்க. அக்காவ என் பக்கம் திருப்புங்க."

பொன்னுராஜ் மனைவியின் தோளையும் இடுப்பையும் பிடித்து ஒருக்களித்தார். சுடலைமாடத்தி மேல்கட்டைப் பிரித்தாள். குழிக்குள் திணித்திருந்த பேண்டேஜ் துணியின் ஒரு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்தாள். துணி நீளமாக வந்துகொண்டே இருந்தது. கடைசி வரை வந்ததும் விரித்துப் பார்த்தாள்.

"சீழ் இல்ல. அடியில செவந்து சதை வளருது. நல்லாருக்கு" என்றாள். புதுத் துணியை மருந்தில் நனைத்துக் குழிக்குள் வைத்தாள். நுனியை வெளியே விட்டாள்.

"எதுக்கு அந்த வால வெளிய விடுத?" என்று பரிபூரணம் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"உள்ள துணி இருக்குன்னு தெரியணும்ல அக்கா. முழுசா உள்ள திணிச்சுட்டா, நாளைக்கு நான் வராம வேற ஆளு வந்தா அதுபாட்டுக்கு உள்ளேயே கெடக்கும். மேல சதை மூடிரும். பொறவு புண்ணு ஏன் ஆறல, ஏன் ஆறலன்னு ஊரு பூரா மருந்து வாங்க வேண்டியதுதான்."

பொன்னுராஜின் கைப்பிடி தளர்ந்தது. 

"அண்ணாச்சி! பிடிங்க. அக்கா என் மேல சாயுதாவ."

அவர் பிடித்துக்கொண்டார். மனம் அங்கே இல்லை.

அந்த ஊரில் பேண்டேஜ் துணி இல்லாத வீடு கிடையாது. பேண்டேஜ் நெய்கிற யூனிட்டுகளில் வெட்டிக் கழிக்கிற ஓரத்துணி சாக்குச் சாக்காகக் கிடைக்கும். அடுப்புத் துடைப்பதும் அதில்தான், பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதும் அதில்தான். மில்லில் எதையாவது கழற்றினால் திறந்த ஓட்டையை உடனே அடைக்க வேண்டும் என்பது சட்டம் போல. காற்றில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். அடைக்காவிட்டால் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். அங்கே அடைப்பதற்குக் கழிவுநூல் கத்தை. கறுப்பும் எண்ணெயுமாகப் பனங்கொட்டை நார்போல வெளியே தொங்கும், மறக்கவே முடியாது. பேண்டேஜ் துணி அப்படியா? வெள்ளையாக, மெத்தென்று, திணித்தால் உள்ளே அடங்கி உட்கார்ந்துவிடும்.

தெர்மோஸ்டாட் மாற்றிய அன்று அதன் மூடிக்கு அடியிலிருந்த பழைய கேஸ்கட் ஒட்டிக்கொண்டு வரவில்லை. பிளேடால் சுரண்டினார். சுரண்டிய தூள் உள்ளே விழக்கூடாதே என்று ஓட்டைக்குள் துணியைத் திணித்தார். சுரண்டிக்கொண்டிருக்கும்போது பரிபூரணம் பெட்பேன் கேட்டுக் கூப்பிட்டாள். கையைக் கழுவிக்கொண்டு ஓடினார். அவளைச் சுத்தம் செய்து, பவுடர் போட்டு, விரிப்பை மாற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. புது தெர்மோஸ்டாட்டை வைத்தார். மூடினார். போல்ட்டை இறுக்கினார். 

துணியை எடுத்தாரா? எடுத்துப் போட்டதாக நினைவில்லை. தெர்மோஸ்டாட்டைப் புதிதாக மாற்றியாகிவிட்டது என்பதால் வண்டியில் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கழற்றியவர் அதை மட்டும் மறுபடி திறக்கவேயில்லை.

சுடலைமாடத்தி பிளாஸ்திரி ஒட்டி முடித்த நொடியில் அவர் முற்றத்துக்குப் போனார். 

"என்ன, அவிய பாட்டுக்கு எந்திரிச்சுப் போறாவ?" என்றாள் அவள்.

"வண்டி கூப்ட்டுருக்கும்" என்றாள் பரிபூரணம்.

சீட்டைக் கழற்றித் தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தார். துணி அங்கேதான் இருந்தது. வெந்து, பழுப்பேறி, தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கத்தை அப்பிக்கொண்டு. இடுக்கியால் பிடித்து, சுடலைமாடத்தி இழுத்ததைப் போலவே மெதுவாக இழுத்தார். பாதி வந்தது. மீதி இற்றுப்போய் நூல் நூலாகப் பிரிந்து உள்ளே எங்கோ மாட்டியிருந்தது. கம்பியைக் கொக்கிபோல் வளைத்து விட்டுப் பார்த்தார். இரண்டு இழை வந்தது. மூன்றாம் முறை கொக்கி வெறுமனே வந்தது.

கொஞ்ச நேரம் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே போய்ப் போனை எடுத்தார்.

"முத்துக்குமரா, நான் ஃபிட்டர் பொன்னுராஜ் பேசுதேன். ஒரு எட்டு வந்துட்டுப் போறியா?"

"இந்தா வாரேன் அண்ணாச்சி."

அவன் பைக்கில் வந்தான். துணியைக் கையில் வாங்கிப் பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான். சிரிப்பான் என்று பொன்னுராஜ் காத்திருந்தார். அவன் சிரிக்கவில்லை.

"நான் ஒருக்க ஒருத்தர் வண்டியில ஸ்பேனரையே விட்டு மூடிட்டேன். அவரு தென்காசி வரைக்கும் அதோட போயிட்டு வந்துட்டாரு" என்றான். பிறகு தலையை உள்ளே விட்டான். வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்தான். "நூலு பிரிஞ்சு தண்ணி பம்ப் வரைக்கும் போயிருக்கும். மேனிஃபோல்ட எறக்கி, பம்பக் கழட்டிப் பாக்கணும். இன்னைக்கு முடியாது. நாளைக்கும் முடியாது."

"மெதுவா ஓட்டுனா? நடுவுல நிப்பாட்டித் தண்ணி ஊத்தி..."

"ஓட்டலாம். எங்க நிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

ஜன்னலுக்குள்ளிருந்து பரிபூரணத்தின் குரல் வந்தது. "நின்னா என்னய எங்க எறக்குவிய? புளிய மரத்தடியிலயா?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். முத்துக்குமரன் தலையைச் சொறிந்தான். வண்டிக்குள் இருந்த நாற்காலியை அப்போதுதான் கவனித்தான். கையை வைத்துத் திருப்பினான். அது ஓசையில்லாமல் கதவுப் பக்கம் திரும்பியது.

"இது யாரு செஞ்சது?"

"நாந்தான்."

"ஒரிஜினல் ஓட்டையிலயா மாட்டிருக்கிய?"

"ஆமா."

"எங்கிட்ட ஸ்பேர்ஸ் ஏத்துற ஆம்னி நிக்குதுல்லா. பழசுதான், ஆனா எஞ்சின் சுத்தம். இத அப்பிடியே கழட்டி அதுல மாட்டுனா?"

பொன்னுராஜ் மனதுக்குள் அளந்து பார்த்தார். மாட்டலாம். சட்டம் அதிலும் அப்படியே உட்காரும். வண்டி வேறு, அவ்வளவுதான். ஆனால் அவள் வைத்த நிபந்தனை அதுவல்ல.

உள்ளே போய்க் கட்டிலருகில் நின்றார். சுடலைமாடத்தி பையை மூடிக்கொண்டிருந்தாள். நடந்ததை அவர் சுருக்கமாகச் சொன்னார். துணியை உள்ளே வைத்து மூடியதையும் சொன்னார். 

பரிபூரணம் முதலில் கோணல் வாயால் சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்காமல் இருமினாள். "ஏட்டி சுடலை, கேட்டியா? அவியளும் ஆப்ரேசன் பண்ணிருக்காவ. வயித்துக்குள்ள துணிய வச்சுத் தச்சிருக்காவ."

"வாலு விடத் தெரியல அவியளுக்கு" என்றாள் சுடலைமாடத்தி.

"இப்ப என்ன செய்யட்டும்? வேற வண்டியில ஏற மாட்டேன்னு சொன்ன. நீ மாட்டேன்னா நான் வற்புறுத்தல" என்றார் பொன்னுராஜ். அவள் மத்தியானம் போல நிம்மதியாகிவிடுவாள் என்று பயந்தபடி நின்றார்.

அவள் வலது கையால் இடது கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"ஒரு வாரமா நீங்க அதுக்குள்ள தலைய விட்டுட்டுக் கெடந்தியளே, ஒரு ஆளக் கூப்பிடல. நாம போகலன்னா போகட்டும், என்னயச் சாக்கா வச்சு இவிய ராத்திரி பூரா அதுக்குள்ள கெடப்பாவளேன்னுதான் வரலன்னு சொன்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இன்னைக்கு நீங்களே கூப்ட்டுட்டிய."

"அப்ப வாரியா?"

"யாரு ஓட்டுவா?"

"அவன் வண்டி. அவன்தான் ஓட்டணும்."

"என்னய ஏத்தும்போது அவன் ரோட்டப் பாத்துட்டு நிக்கணும். திரும்பக் கூடாது. சுடலையும் நீங்களும் பிடிங்க. அவ கை பட்டா எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க அவன்கூட முன்னால உக்காராதிய, பின்னால எங்கூட உக்காருங்க."

ஜன்னலுக்கு வெளியே முத்துக்குமரன், "நான் இப்பமே ரோட்டத்தான் பாக்கேன் ஆச்சி" என்றான்.

"ஆச்சியா? எனக்கு என்ன வயசாச்சுன்னு நெனச்ச?"

"அக்கா!" என்றான் அவன் அவசரமாக. 

மறுநாள் விடிந்ததும் அவன் வண்டியைக் கொண்டுவந்து பொன்னுராஜின் ஆம்னிக்கு ஒட்டினாற்போல் நிறுத்தினான். உள்ளே எண்ணெய்க் கறையை இரவே சோப்பு போட்டுக் கழுவியிருந்தான். இன்னும் ஈரம் காயவில்லை. நாற்காலியை இருவரும் சேர்ந்து இறக்கினார்கள். பின்பக்க ஓட்டைகள் பொருந்தின. முன்பக்கம் ஒரு ஓட்டை துருவேறி போல்ட்டை ஏற்கவில்லை. முத்துக்குமரன் சுத்தியலைத் தேடி எடுத்தான். பொன்னுராஜ் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏலே, அதைக் கீழ வை. சொட்டு எண்ணெ விட்டுச் செத்த நேரம் பொறு."

எண்ணெய் விட்டுக் காத்திருந்தார்கள். போல்ட் ஏறியது. 

சுடலைமாடத்தி டூட்டிக்குப் போகும் முன் வந்தாள். இருவரும் பரிபூரணத்துக்கு மெரூன் நிறப் பட்டுச் சேலையை உடுத்தி, முடியைச் சீவி, புண்ணிருக்கும் பக்கம் அழுந்தாமல் மடித்த துண்டு வைத்தார்கள். பொன்னுராஜ் வழக்கம்போல அவள் கக்கத்தில் கைவிட்டுத் தானே இழுக்கப் போனார். "தோளைக் கழட்டவா பாக்கிய? அந்தக் கை பலமில்லாதது. இடுப்பப் பிடிங்க" என்று சுடலைமாடத்தி அதட்டினாள். பிடித்தார். பலகையில் பவுடர் தூவி, ஒரு நகர்த்தலில் அவள் நாற்காலிக்குப் போய்விட்டாள். முத்துக்குமரன் வேலிக்கு அப்பால் ரோட்டைப் பார்த்து நின்றான். அந்தப் பக்கமாக வந்த பால்காரர் அவன் எதைப் பார்க்கிறான் என்று தானும் நின்று பார்த்தார்.

வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் பொன்னுராஜ் "மெதுவா" என்றார். அதன் பிறகு பரிபூரணமும் "மெதுவா" என்றாள். அதைக் கேட்கும்முன்பே முத்துக்குமரன் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தான். ஊசி ஏறுகிறதா என்று பொன்னுராஜ் எட்டி எட்டிப் பார்த்தார். பின்னாலிருந்து பார்த்தால் அது தெரியவில்லை. மில் மதில் தாண்டியதும் பார்ப்பதை விட்டுவிட்டு, வெயில் அடிக்கிற பக்கம் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டார். 

ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்ச் வாசலில் ஜாஸ்மின் குழந்தையோடு நின்றாள். வண்டி தெரிந்ததும் உள்ளேயிருந்து நான்கைந்து பேர் தூக்க ஓடி வந்தார்கள். பரிபூரணம் வலது கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினாள்.

"யாரும் தூக்க வேண்டாம். பலகை இருக்கு. ஜாஸ்மினு, பிள்ளைய மாப்பிள்ளைகிட்டக் குடுத்துட்டு நீ வந்து இடுப்பப் பிடி. உங்கப்பா எப்படின்னு சொல்லுவாரு."

பொன்னுராஜ் வீல் சேரை இறக்கி வைத்துப் பலகையைப் போட்டார். மகளுக்கு எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். ஜாஸ்மின் தயங்கித் தயங்கி இழுத்தாள். பாதியில் நின்றது. அவர் கை தானாக முன்னால் போனது. அதைத் தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஜாஸ்மின் இன்னொரு முறை இழுத்தாள். பரிபூரணம் வீல் சேருக்கு வந்து சேர்ந்தாள்.

ஆராதனை தொடங்க மணி அடித்தது. உள்ளே போவதற்கு முன் பொன்னுராஜ் தன் ஆம்னியின் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். 

"முத்துக்குமரா, சாயந்தரம் என் வண்டியக் கட்டி இழுத்துட்டுப் போயிரு. மேனிஃபோல்ட எறக்கும்போது நானும் வந்து பக்கத்துல நிப்பேன்."

"நில்லுங்க அண்ணாச்சி. ஆனா துணி கொண்டு வராதிய" என்றான் முத்துக்குமரன், சாவியை வாங்கிக்கொண்டே.